இடது பக்கத்திலிருந்து ஒரு குரல்

ஏப்ரல் 9

என் இடம் போயிற்று. கோச் புருஸ்கோ அறைக்குக் கூப்பிட்டு, சூரியகாந்தி விதையை மென்று துப்பிக்கொண்டே சொன்னார்: "கார்வர், இனிமே நீ இடது பக்கம் நில்லுப்பா. நடுவுல அந்தப் பையன் ஆடட்டும். மேலேருந்து சொல்லிட்டாங்க."

பெரிய லீக்குக்கு ஒரு படி கீழே இருக்கும் இந்த பேஸ்பால் அணியில் ஆறு வருடமாக, மட்டைக்கு வெகு தூரத்தில் நிற்கும் மூவரில் நடு இடம் என்னுடையது. வயது முப்பத்திரண்டு. மேலே ஒரு நாள்கூட ஆடியதில்லை. பையன் பெயர் யாதியேல், இருபத்திரண்டு வயது. டொமினிக்கன் நாட்டிலிருந்து வந்து இறங்கியவன், இங்கே சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது.

"சரி கோச்" என்றேன். வேறென்ன சொல்ல?

ஏப்ரல் 14

நன்றாக ஆடித் தொலைக்கிறான்.

ஏப்ரல் 27

என்னைப் பெருசு என்று கூப்பிடுகிறான். "பெருசு, வெதை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே என் பைக்குள் கையை விடுகிறான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இன்று ஒரு பந்து. மட்டையில் பட்ட சத்தத்திலேயே திரும்பி ஓடி, தலைக்கு மேலே பிடித்தான். இரண்டு வருடம் முன்னால் என்றால் நானும் பிடித்திருப்பேன். இல்லை, பிடித்திருக்க மாட்டேன். இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன். வயிறு எரிகிறது.

மே 3

மனைவி டெனீஸ் போனில்: "பத்து நிமிஷமா அந்தப் பையனத் திட்டிட்டிருக்கீங்க. நம்ம பொண்ணு எப்படி இருக்கான்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான்.

மே 16

பந்தைப் பார்த்தபடி பின்னால் ஓடுகிறவனுக்கு மைதானத்து எல்லைச் சுவர் தெரியாது. பக்கத்தில் நிற்பவன்தான் கண். "இடமிருக்கு" என்றோ "சுவர்" என்றோ அவன் கத்த வேண்டும். எதிரி வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் கத்த வேண்டும்.

பையன் சொல்கிறான்: "எங்க ஊரு மைதானத்துல சுவரே கெடையாது பெருசு. கரும்புக் காடுதான். நான் பாட்டுக்கு உள்ள பூந்துருவேன். இங்க உன் கொரல நம்பித்தான் ஓடறேன்."

முதுகில் தட்டிக் கொடுத்தேன். இவ்வளவு வெள்ளந்தியாக இருந்தால் எப்படி வெறுப்பது? ஆனாலும் முடிகிறது.

ஜூன் 11

மேலே ஒருத்தனுக்கு முழங்கால் போய்விட்டது. ஓர் இடம் காலி. "நாளைக்கு ஆட்டம் பாக்க வர்றாங்க. ஒருத்தனத்தான் கூப்பிடுவாங்க" என்றார் கோச். எல்லோரும் யாதியேலைப் பார்த்தார்கள். என்னை ஒருத்தன் பார்க்க வேண்டுமே! ஒருத்தன்கூட இல்லை.

ஜூன் 12

கத்தவில்லை.

ஜூன் 13

நேற்று, ஏழாவது இன்னிங்ஸ். எங்கள் இருவருக்கும் நடுவே பந்து ஆழமாகப் போனது. "என்னுது! என்னுது!" என்றான். ஒதுங்கினேன், அதுதான் முறை. சுவர் எனக்குத் தெரிந்தது. அவன் எத்தனை எட்டில் மோதுவான் என்பதுகூடத் தெரிந்தது. வாயைத் திறந்தேன் — பிறகு மூடிக்கொண்டேன். யோசிக்க நேரமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். நேரம் இருந்தது.

பந்தை விடாமல் பிடித்திருந்தான். கழுத்துக்குக் கீழே எலும்பு முறிந்திருக்கிறது. எட்டு வாரம்.

மருத்துவமனையில் கோச் கேட்டதற்குப் பையனே சொன்னான்: "பெருசு கத்துச்சு கோச். கூட்டத்துச் சத்தத்துல எனக்குத்தான் காதுல விழல."

வார நாள், மதிய ஆட்டம். கூட்டமா? தலைகளை எண்ணிவிடலாம். நான் தலையாட்டினேன்.

ஜூன் 14

என்னை மேலே கூப்பிட்டுவிட்டார்கள். கோச் கட்டிப்பிடித்தார். டெனீஸ் போனிலேயே அழுதாள். என்னடா கார்வர், சந்தோஷமா இருக்கியா? இருக்கேன். இருக்கேன்னுதான் நெனைக்கிறேன்.

ஜூன் 30

பதினாறு நாள். மட்டையால் இரண்டே நல்ல அடி. கை குலுக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆகஸ்ட் 15

பையன் நாளை வருகிறான். திரும்பி வந்த ஒன்றரை மாதமாக நான் நடுவில் நின்றேன்; மறுபடி இடது பக்கமாம். அவன் தோள் சரியாகியிருக்கக் கூடாது என்று காலையில் பல் தேய்க்கும்போது நினைத்தேன். இத்தனைக்குப் பிறகும்! என்ன பிறவியோ நான்.

ஆகஸ்ட் 16

வந்தான். "எப்படி இருக்க பெருசு?" என்று கேட்டான். விதையைத் தன் பையிலிருந்தே எடுத்துக்கொண்டான்.

மூன்றாவது இன்னிங்ஸில் அவன் தலைக்கு மேலே ஒரு பந்து. அவன் எப்போதும் பிடிக்கிற பந்துதான். சுவருக்கு இன்னும் பத்தடி இருந்தது. "இடமிருக்கு! இடமிருக்குடா, ஓடு!" — தொண்டை கிழியக் கத்தினேன். பொய்யில்லை, கத்தினேன்.

அவன் ஓட்டத்தை நிறுத்தி, திரும்பிச் சுவரைப் பார்த்தான். பந்து இரண்டடி தள்ளி விழுந்தது. எதிரணியில் இரண்டு பேர் ஓடி வந்து புள்ளி எடுத்தார்கள்.

கோச் எல்லோர் முன்னாலும் பிடித்துக்கொண்டார். "என்னடா ஆச்சு உனக்கு? கார்வர் கத்துனது தெருவுக்கே கேட்டுச்சு, உனக்கு மட்டும் கேக்கலியா?"

"கேட்டுச்சு கோச்" என்றான் யாதியேல். என் பக்கம் திரும்பவில்லை.