ஆற்றில் ஓடிய போர்க்கப்பல்

என் ஆத்துக்கப்பல் அப்பாவுக்கு,

நீங்கள் சொன்னது உண்மைதான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இங்கே டொரொண்டோவில், பல்கலைக்கழக நூலகத்தில் வேறொன்றைத் தேடப் போய் உங்கள் கப்பலைக் கண்டேன். சீனத்து ஆற்றுக்கென்றே கட்டிய போர்க்கப்பல். அடி தட்டை, மூன்றடித் தண்ணீர் போதும். இங்கிலாந்தில் துண்டு துண்டாகச் செய்து, பெட்டிகளில் அனுப்பி, ஷாங்காயில் பொருத்திப் பூட்டினார்களாம். கொள்ளைக்காரரிடமிருந்து வணிகப் படகுகளைக் காப்பது அதன் வேலை. இரண்டாம் உலகப் போர் நெருங்கியதும் பீரங்கிகளைக் கழற்றி, கப்பலைக் கரையில் கட்டிவிட்டார்கள்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவருக்குச் சமைக்கத் திருகோணமலையில் சேர்ந்து, அவரோடு அந்தக் கப்பலுக்குப் போனதாகச் சொன்னீர்கள். யார் நம்பினார்கள்? மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் யாழ்ப்பாணத்தில் ஆறு ஏது? "அத்தான், வழுக்கையாத்திலையோ ஓடினது?" என்று கேட்டு, மாமாதான் ஆத்துக்கப்பல் என்ற பட்டத்தை வைத்தார்.

"ஆறு வத்தி, கப்பல் சேத்திலை நிண்டது. பக்கத்திலை கத்தரி நட்டம்" என்று என் பள்ளித் தோழிகளிடம் ஒருநாள் சொன்னீர்கள். "அப்பா, புளுகாதேங்கோ" என்றேன். பிறகு நீங்கள் அந்தக் கப்பலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

புத்தகத்தில் ஒரு படம். சேற்றில் கப்பல் நிற்கிறது. அருகில் நிரைநிரையாகச் செடிகள். பிரதி எடுத்து, வெக்ஸ்போர்ட்டில் அம்மாவும் மாமாவும் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மாமா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். "உது கத்தரியில்லை, கோவா" என்று, உருண்டையாய்ச் சுருண்ட இலைகளைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, நீ செடியை விட்டுட்டுக் கப்பலைப் பார்" என்றார் அம்மா.

"பாத்துக்கொண்டுதானே இருக்கிறன், அக்கா. எண்டாலும் கத்தரி எண்டது புளுகுதான்."

"சமைச்ச மனுசனுக்குக் கத்தரி தெரியாதோ?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு மாமா அந்தத் தாளைக் கீழே வைக்கவேயில்லை.

புத்தகத்தில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. உங்கள் பெயர் இல்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியது நீங்களா? ஆறு திரும்பி வந்தபோது காய் பறித்தீர்களா, மூழ்கட்டும் என்று விட்டீர்களா? நீங்கள் உயிரோடு இருந்தபோது, கேட்க வேண்டிய வயதில் நான் கேட்கவில்லை.

நம் வீட்டின் முதல் பட்டதாரி ஆகிவிட்டேன், அப்பா. ஆனாலும் மேற்படிப்பு வகுப்பில் என் குரலை இன்னும் ஒருவரும் கேட்டதில்லை. அடுத்த கிழமை அங்கே இந்தக் கப்பலைப் பற்றிப் பேசுவதாக நானே பெயர் கொடுத்திருக்கிறேன். அதிகாரிகளின் பெயர்களுக்கு முன்னால் உங்கள் பெயரைச் சொல்வேன். கத்தரி என்றுதான் சொல்வேன். யார் சிரித்தாலும் இடையில் நிறுத்தமாட்டேன்.

அன்று உங்களைப் பேசவிடாத,
உங்கள் கடைசி மகள்