யாரிடம் அனுப்பக் கூடாது

அன்புள்ள சண்டைக்காரா,

இங்கே டுலூத் நகரில் ஏரி இன்னும் உறைந்தே கிடக்கிறது. அந்தப் பனியைப் பற்றிய கட்டுரையை இன்று ஆய்விதழுக்கு அனுப்பினேன்.

வெளியிடும் முன் கட்டுரையை யாரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று எழுத இதழின் இணையதளத்தில் ஒரு கட்டம் உண்டல்லவா? நாம் சண்டை போட்டுப் பிரிந்ததிலிருந்து அதில் உன் பெயரைத்தான் எழுதிவந்தேன். நீயும் என் பெயரை எழுதியிருப்பாய். இன்று 'யாரிடம் அனுப்பலாம்' என்ற கட்டத்தில் உன் பெயரை எழுதினேன்.

பக்கத்து மேசை மாரித் எட்டிப் பார்த்துவிட்டாள். "அவன்கிட்டயா? கிழிச்சுத் தொங்கவிட்டுடுவான்டி!"

"கிழிக்கட்டும். அவன் எழுதினதைப் படிச்சு எவ்வளவு நாளாச்சு!"

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால் நீ மதிப்பிட முடியாது; எழுதியவரோடு தொடர்பில் இருப்பவர் மதிப்பிடக் கூடாது என்பது இதழின் விதி. அதனால் இதை அனுப்பப் போவதில்லை. கட்டுரை வரும். அதையே கடிதமாகப் படித்துக்கொள்.

பனியின் மேல் உன்னோடு நடந்தவள்