முனிராஜ் கோச்சைப் பற்றி நான் சொன்ன சொல்

அதியமான்கோட்டை
ஞாயிறு மாலை

அன்பு மகன் ஆண்டோவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சி பிளசியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தப் போலந்துக் குளிரில் சளி இருமல் அண்டாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்ல தூக்கம் தூங்கி இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போது தினமும் உன் பெயரைத்தான் முதலில் சொல்கிறோம். நம் தெரு ஜாஸ்மின் உன் ஊருக்குப் பக்கத்தில் வேலை கிடைத்து வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே அம்மா தட்டுவடையும் எள்ளுப்பொடியும் கட்டிக் கொடுத்திருக்கிறாள், எள்ளுப்பொடியை ரூமில் இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் கொடு. மா இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது, பனி மட்டும் கொஞ்சம் விட்டால் தேவலை. பிளசி பி.எட். பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்கு முட்டி வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை.

போனிலேயே பேசாமல் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். அன்றைக்கு நீ போனில் “கோச்ச ஏம்ப்பா நிறுத்துனாங்க, குரூப்ல என்னென்னவோ போடுறானுங்க” என்று கேட்டாய், நான் நெட் சரியில்லை, அப்புறம் பேசு என்று வைத்துவிட்டேன். நெட் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. நீ கேப்டனாக நின்று நம் பங்குக் கோயில் ஃபுட்பால் டீமுக்கு முதல் கப்பை வாங்கிய வருஷம் முனிராஜ் கோச் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் இருக்கிற அவர் டயர் கடை வரைக்கும் ஓடினாரே, அந்த மனுஷனுக்கு என்ன நடந்தது என்று மற்றவர்கள் சொல்லி நீ தெரிந்துகொள்வதை விட நானே சொல்லிவிடுவது நல்லது. பாதி அவர்களுக்குத் தெரியாது, மீதியை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

இந்த சீசன் ஆரம்பத்திலிருந்தே நமக்கு ஆகவில்லை. போன வருஷம் வரைக்கும் தருமபுரியில் நம் டீம் இறங்குகிறது என்றால் எதிராளி முகம் தொங்கிப்போகும், இந்த வருஷம் சின்னச் சின்ன டீமெல்லாம் நம்மை அடித்துவிட்டுப் போனது. மேம்பாலத்துக்குக் கீழே எழிலரசி டீக்கடை இருக்கிறதே, அங்கே காலையிலும் சாயந்திரமும் இதே பேச்சுத்தான். ரசிகர் வாட்ஸ்அப் குரூப் நடத்துகிற குரு, அவனுக்கு இப்போது பெரிய பேச்சு வந்துவிட்டது, “கப்பு வாங்கிக் குடுத்தாரு, இல்லேங்கல, அது அப்போ. நன்றி வேற ஆட்டம் வேற மாமா. நல்லா ஓடுறவன வெளிய எடுக்குறாரு, மூச்சு வாங்குறவன உள்ள வெச்சிருக்காரு” என்பான். ரிட்டயர்டு வாத்தியார் மாதவராஜ் விட மாட்டார், “ஒரு வருஷம் காய்க்கலன்னா மரத்த வெட்டிப்புடுவியா? நம்மூருப் பசங்களுக்கு பூட்ஸ் போடக் கத்துக்குடுத்ததே அவுருதான்” என்பார். எழிலரசி டீ ஆற்றிக்கொண்டே, “ஜெயிச்சா நம்ம டீமு, தோத்தா அவுரு டீமாங்க?” என்று ஒரு போடு போடுவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா ஆண்டோ, குரு பேசும்போது அதுவும் சரிதான் என்று தலையாட்டினேன், வாத்தியார் பேசும்போது அதுவும் சரிதான் என்று தலையாட்டினேன். கோச் எனக்கு எத்தனை வருஷத்து சிநேகிதம். அவருக்காக ஒரு வார்த்தை உறுதியாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பென்னாகரத்தில் தோற்ற அன்றைக்கு நானும் அவரும் அவர் வண்டியில்தான் போயிருந்தோம். திரும்பும்போது சாவியை என்னிடம் நீட்டி “நீ ஓட்டு சவரி” என்றார். அவர் வண்டியை அடுத்தவர் கையில் கொடுக்கிற ஆளா? எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து, “அந்தப் பக்கத்து கோலு எனக்குத் தெரிய மாட்டேங்குதுப்பா. புகை போட்டாப்புல இருக்குது. யாரு ஓடுறான் யாரு நிக்கிறான்னு ஜோகிட்ட கேட்டுக்கேட்டுத்தான் ஆள மாத்துறேன்” என்றார். ஜோ அவருக்கு உதவிக்கு நிற்கிற பையன், உனக்குப் பிறகு பின்வரிசையில் பேக் ஆடினானே அவன்தான். அவனிடம் கூடக் காரணத்தைச் சொல்லவில்லையாம். ஆஸ்பத்திரியில் கண்ணில் புரை என்று சொல்லிவிட்டார்களாம், ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமாம். “சீசன் முடியட்டும், அப்புறம் செஞ்சுக்கறேன். இப்பச் சொன்னா நிறுத்திப்புடுவாங்க. வூட்லகூடத் தெரியாது. உங்கிட்டதான் சொல்றேன், மனசுல வெச்சுக்க” என்றார். நான் அவர் கையைப் பிடித்து, இது என்னோடு இருக்கும் என்று சொன்னேன். பொய்யாகச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் மனசார அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து டீக்கடையில் கூட்டம். அன்றைக்குப் பேச்சு மோசமாகப் போனது. ஒருத்தன், பெயர் வேண்டாம், கோச் எதிராளிகளிடம் விலை போய்விட்டார், வேண்டுமென்றேதான் ஆளை மாற்றித் தோற்க வைக்கிறார் என்றான். குருவும் இருக்கலாம் என்றான். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ, “யாரப் பாத்துடா வெலை போனாருன்னு சொல்றீங்க? பாவம் அந்த மனுஷனுக்குக் கண்ணே தெரியலடா” என்று சொல்லிவிட்டேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் போகட்டும். எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், என்ன மாமா சொல்றீங்க என்று கிட்டே வருகிறார்கள், யாரோ என் கையில் இன்னொரு டீயைக் கொடுத்தார்கள். நான் உட்கார்ந்து புகை போட்ட மாதிரி தெரிவதையும், ஜோவிடம் கேட்டுக்கேட்டு ஆளை மாற்றுவதையும், ஒன்று விடாமல் சொன்னேன். எழிலரசி மட்டும் “அண்ணே, போதுங்கண்ணே” என்று மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்னது காதில் விழுந்தது, ஆனாலும் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

அன்று பொழுது சாய்வதற்குள் அது குரூப்பில் வந்துவிட்டது. கோச் போட்டோவுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கையில் ஒரு தடி கொடுத்து, குருட்டு கோச் என்று எழுதி யாரோ போட்டார்கள், அதற்குச் சிரிக்கிற பொம்மைகளாக வந்து விழுந்தன. நீயும் அதைப் பார்த்திருப்பாய். அது என் வாயிலிருந்து கிளம்பியது என்று உனக்குத் தெரிந்திருக்காது.

பங்கு மண்டபத்தில் கூட்டம் போட்டு அவரைக் கூப்பிட்டார்கள். குரு எழுந்து, கண் விஷயம் உண்மையா என்று நேராகவே கேட்டான். கோச், “இத யாரு சொன்னது?” என்று கேட்டார். மண்டபத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ. அவர் நான் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பி என்னையே பார்த்தார். அவர் அதை என் ஒருத்தனிடம்தானே சொன்னார். எழுந்து, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும் ஆண்டோ. நான் குனிந்து செருப்பு வாரைச் சரி செய்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர், “சொன்னவங்க நெசத்தத்தான் சொல்லியிருக்காங்க” என்று கழுத்தில் இருந்த விசிலைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு நடந்தார். வாசல் படி ஒன்று அவருக்குத் தெரியவில்லை, கால் தவறி நிலையைப் பிடித்துக்கொண்டார். வாசலுக்குப் பக்கத்தில் இருந்த நான் எழுந்து போய்ப் பிடிக்கக்கூட இல்லை. ஜோதான் ஓடினான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், அவர் விலை போனார் என்று சொன்னார்கள், அவரைக் காப்பாற்றத்தான் நான் சொன்னேன் என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டே, தலையைத் தூக்காமல், “அவரக் காப்பாத்த ஒரு வார்த்த போதுங்க. மிச்சமெல்லாம் உங்களுக்குத் தெரியும்னு காட்டிக்கப் பேசுனது” என்றாள். உன் அம்மா என்னை அப்படிப் பேசி நீ பார்த்திருக்க மாட்டாய்.

சில நாள் அந்த ரோட்டுப் பக்கமே போகவில்லை, தோட்டத்துக்குக் கூடச் சுற்றிக்கொண்டு போனேன். பிறகு மனசு கேட்காமல் ஒருநாள் டயர் கடைக்குப் போனேன். கோச் இல்லை, அவர் வீட்டுக்காரி தீர்த்தம்மாள்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், அதுவே எனக்கு முள்ளாகக் குத்தியது. “எங்கூட்டுக்காரருக்குக் கண்ணு தெரியலன்னு எனக்கே போன்லதாங்கண்ணே தெரிஞ்சுது. பக்கத்துக் கடைப் பையன் காட்டுனான். அவன் சிரிச்சுக்கிட்டே காட்டுனான், பாவம், எனக்குத் தெரியும்னு நெனச்சிருப்பான்” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு, மகன் ஓசூரிலிருந்து லீவு போட்டு வர முடியவில்லை, ஆபரேஷனுக்கு ஆண் துணை வேண்டும், நீங்கள் கூட வர முடியுமா என்று என்னையே கேட்டாள். யார் சொன்னது என்று அவளுக்குக் கோச் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகும்போது அவர் என்னிடம் பேசவில்லை, திட்டவும் இல்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து மறுநாள் கட்டுப் பிரித்தார்கள். தீர்த்தம்மாள் மருந்து வாங்கப் போயிருந்தாள், நானும் அவரும் மட்டும் பெஞ்சில் இருந்தோம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், “முனிராஜு, நான்தான் சொன்னேன்” என்றேன். அவர் புதுக் கண்ணால் என்னை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். “தெரியும். உன் ஒருத்தன்கிட்டதான சொன்னேன்” என்றார். அன்றைக்கு மண்டபத்தில் நீ என்னைப் பார்த்தாயே, அப்போதே நான் எழுந்திருக்க வேண்டும், என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றேன். அவர் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது, “எனக்கும் உன் மூஞ்சி தெரியலப்பா. நீ அங்க உக்காந்திருக்கேன்னு குத்துமதிப்பாத்தான் பாத்தேன். தலையக் குனிஞ்சியா, எந்திரிக்கப் போறியா, ஒண்ணும் தெரியல. நீ எந்திரிப்பேன்னு நெனச்சுக்கிட்டுதான் அவ்ளோ நேரம் நின்னேன்” என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, அவர் நம்பிச் சொன்னதை நான்தான் வெளியே விட்டேன், கேட்டபோதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன். எல்லாரும் காறித் துப்புவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். குரு என்ன சொன்னான் தெரியுமா, “வுடுங்க மாமா, உள்ளதத்தான சொன்னீங்க” என்றான். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். வாத்தியார் மாதவராஜ் மட்டும் என்னைப் பார்க்காமல் எழுந்து வெளியே போனார். அவருக்கு நான் மனசுக்குள் நன்றி சொன்னேன்.

ஜோ கோச்சாக நின்றும் டீம் தோற்றுக்கொண்டுதான் இருந்தது. உன் செட்டுப் பிள்ளைகளில் பாதிப் பேர் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள், இருக்கிறவர்களுக்குப் பழக்கம் பத்தாது, கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இந்த வருஷம் இப்படித்தான் இருந்திருக்கும். அதைப் புரிந்துகொண்டோ என்னவோ, குருவே நாலு பேரைக் கூட்டிக்கொண்டு டயர் கடைக்குப் போய், குரூப்பில் போட்டதற்கு மன்னிப்புக் கேட்டு, திரும்ப வாங்க சார் என்று கேட்டான். “ஜோவே பாக்கட்டும். வெளிய நின்னு நிம்மதியா ஒரு ஆட்டம் பாத்து எத்தன வருஷமாச்சு” என்று அனுப்பிவிட்டாராம். இப்போது ஆட்டத்துக்கு வந்து ரசிகர்களோடு மைதானக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். போன வாரம் அதே ஆட்கள் அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு ஜோவை மாற்ற வேண்டும் என்று ஆரம்பித்தார்கள், “அவனுக்கு ஒரு சீசன் குடுங்கடா” என்று அவர்தான் அதட்டினார்.

என்னிடம் பேசுகிறார் ஆண்டோ, பேசவில்லை என்று சொல்ல மாட்டேன். எந்தப் பையன் நன்றாக ஆடுகிறான், யாருக்கு இடது கால் வராது, எல்லாம் பேசுவார். நேற்று ஆட்டம் முடிந்து எழிலரசி கடையில் நானும் அவரும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி, “சவரி, எம்மவன் விஷயமா…” என்று தொடங்கினார். நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் நிறுத்திவிட்டார். “ஒண்ணுமில்ல, டீ ஆறுது பாரு, குடி” என்றார். நானும் குடித்தேன்.

நீ கோச்சுக்கு ஒரு போன் போடு, அப்பாவுக்காகப் பரிந்து ஒன்றும் பேசாதே, உன் ஆட்டத்தைப் பற்றி, அங்கே பனியில் பந்து விளையாடுகிறதைப் பற்றிப் பேசு, அவருக்குச் சந்தோஷமாக இருக்கும். உன்னோடு தங்கியிருக்கிற பிள்ளைகள் யாராவது உன்னை நம்பி ஒன்று சொன்னால் அதை உன்னோடு வைத்துக்கொள், இதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்றாலும் சொல்கிறேன். கம்பளி சாக்ஸ் போடாமல் வேலைக்குப் போகாதே, ஞாயிறு பூசையைத் தவறவிடாதே. ஆண்டவர் உனக்கு நல்ல உடம்பும் நல்ல சிநேகிதர்களும் கொடுக்கட்டும், தூய செபஸ்தியார் போகும் வழியெல்லாம் துணை இருக்கட்டும். அம்மாவும் பிளசியும் அன்பு சொல்லச் சொன்னார்கள். அம்மா இதை இன்னும் படிக்கவில்லை, படிக்கக் கொடுத்துவிட்டுத்தான் உறை ஒட்டுவேன்.

உன் அப்பா
ஆ. சவரி