ஆறாவது இடத்தில் ஒரு வளைவு

ஜூன் 3, செவ்வாய்

முதலில் கண்ணில் பட்டது ஒரு சொட்டுதான். நான் கழுவிக் காயவைத்த குப்பிக்குள், இங்கே ஆராய்ச்சி செய்யும் மூக்குக்கண்ணாடி போட்ட அக்கா அதை விட்டார். கொஞ்ச நேரத்தில், கொழுப்பைக் கரைத்து வைத்திருந்த குளோரோஃபார்ம் ஆவியாகிப் பறந்துபோனது. உள்ளே ஒன்றுமே இல்லை. நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு அக்கா சிரித்தார்.

"இல்லைன்னு யார் சொன்னது? கொழுப்பு ஒட்டிட்டிருக்கு. நமக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும்."

இந்த ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவச் சேர்ந்து இத்தனை மாதமாகியும், இன்றுதான் அவரிடம் நானாக வாய் திறந்தேன். இரண்டு வார்த்தை. "எப்படித் தெரியும்?"

ஜூன் 4, புதன்

கேட்டதற்கு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சொன்னார். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

மலைப் பாறையில் படரும் ஒரு பாசியின் கொழுப்பைத்தான் அக்கா ஆராய்கிறார். மெஷின் ஒவ்வொரு கொழுப்பையும் எடை போடும்; பேரே 'மாஸ்', எடை என்று அர்த்தமாம். ஆனால் எடை மட்டும் போதாதாம். இரண்டு கொழுப்புக்கு எடை ஒன்றாகவே இருக்கும், நீளமும் ஒன்றுதான். அந்த நீளச் சங்கிலியில் வளைவு எந்த இடத்தில் என்பது மட்டும் வேறு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மெஷினுக்குள் ஓசோன் வாயுவை விடுகிறார்கள். அது மற்ற இடத்தை விட்டுவிட்டு, வளைகிற இடத்தில் போய் ஒடிக்கிறது. ஒடிந்த துண்டை நிறுத்தால் போதும், எங்கே ஒடிந்தது என்று தெரிந்துவிடும்.

கண்ணுக்கே தெரியாத ஒன்று. அதில் வளைவு எங்கே என்று கூடச் சொல்கிறார்கள்! எழுதும்போதே புல்லரிக்கிறது.

வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்கு வாயே திறக்காது. பள்ளிக்கூடத்தை விட்டது அதனால்தான். வீட்டுக் கஷ்டம் ஒரு சாக்கு. அங்கே இதைச் சொல்லித் தந்திருந்தால் விட்டிருப்பேனா? தெரியவில்லை.

ஜூன் 9, திங்கள்

அக்கா ஓடிவந்து என் கன்னத்தைக் கிள்ளினார். வளைவு ஆறாவது இடத்தில்! பெரும்பாலும் ஒன்பதாவதில்தான் இருக்குமாம். இந்தப் பாசியில் இப்படி ஒன்றை யாரும் பார்த்ததே இல்லையாம். வெள்ளிக்கிழமை கட்டுரை அனுப்பப் போகிறார்.

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "மாஸ் மெஷின்னு பேரு சும்மாவா வெச்சாங்க?"

ஜூன் 10, செவ்வாய்

கட்டுரைக்கு முன் சரிபார்க்க, ஒன்றுமே போடாத வெறும் குப்பியை மெஷினில் ஓட்டினார்கள். அதிலும் திரையில் அதே ஆறாவது இடத்துக் கோடு.

ஆய்வுக்கூடத்துக்குத் தலைவரான பெரிய டாக்டர் என்னைப் பார்க்காமலே சொன்னார். "கழுவுறது சரியில்ல. ஆளை மாத்துங்க."

நான் அங்கேதான் நின்றேன். நல்லாத்தானே கழுவினேன்? சூடு தாங்காம கை சிவக்கச் சிவக்கக் கழுவினேனே! ஏன் வாய் வரல எனக்கு?

ஜூன் 11, புதன்

அம்மா, "விட்டுத் தள்ளுடி, எங்க தையல் கம்பெனியில சொல்லி வைக்கிறேன்" என்கிறாள். வேண்டாம். கழுவிக்கொண்டாவது அந்த மெஷின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

அக்கா அவசரப்படவில்லை. நான் கழுவிய குப்பி ஒன்றை ஓவனிலிருந்து இடுக்கியால் எடுத்து நேராக ஓட்டச் சொன்னார். கோடே இல்லை. "நீ கழுவினது பளிங்குடி" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? அக்கா எதையெதையோ தேடிப் படித்தார். ஆறாவது இடத்தில் வளைகிற இந்தக் கொழுப்பு மனிதத் தோலில் தாராளமாகச் சுரக்குமாம். மற்ற மிருகங்களிடம் பார்ப்பது அபூர்வமாம். உடனே ஆளுக்கொரு பஞ்சால் எல்லோர் நெற்றியையும் துடைத்தார்.

"என் வழுக்கையை விட்டுடும்மா" என்றார் பெரிய டாக்டர்.

"அங்கதான் சார் மகசூல் அதிகம்" என்றார் ஆபரேட்டர் அண்ணன்.

திரையில் என் கோடு எழும்பியது. என் நெற்றியிலிருந்து வந்தது! அருகில் பெரிய டாக்டருடையது. அவருக்கும் ஆறாவது இடம், எனக்கும் ஆறாவது இடம். மூச்சு விடக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பேசத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் — எல்லோரும் அதே இடத்தில்தான் வளைகிறோமா?

அப்போதுதான் அக்கா தன் விரலையே பார்த்தார். "லேபிள் எழுதக் கையுறையைக் கழட்டுறேன். மூக்குல இறங்குற கண்ணாடியைத் தள்ளுறேன். அதே விரலால மூடியோட உள்பக்கத்தைத் தொடுறேன். நான்தான்டி."

ஜூன் 13, வெள்ளி

கையுறையைக் கழற்றாமல் முதலிலிருந்து செய்தார். வெறும் குப்பியில் கோடு இல்லை. பாசியிலும் இல்லை. அனுப்பவிருந்த கட்டுரை வீணாய்ப் போயிற்று.

அக்கா கொஞ்ச நேரம் மேசையில் தலை வைத்துக் கிடந்தார். பிறகு அவரே சிரித்தார். "மலை மலையாத் தேடி என் மூக்கைக் கண்டுபிடிச்சிருக்கேன் பாரு."

பெரிய டாக்டர் போகிற போக்கில், "திங்கக்கிழமை வந்துடும்மா" என்றார். அவ்வளவுதான்.

நான் கேட்டேன். எல்லோர் முன்னாலும், கொஞ்சம் சத்தமாகவே. "அக்கா, நமக்கு மட்டும் ஏன் ஆறாவது இடத்துல?"

"சரியாத் தெரியலடி" என்றார் அக்கா. பெரிய டாக்டரும் தலையாட்டினார். அவருக்கும் தெரியாதாம்!

ஒரு குப்பியும் கொஞ்சம் பஞ்சும் ஒரு ஜோடி கையுறையும் கேட்டேன். அக்கா கொடுத்தார்.

ஜூன் 15, ஞாயிறு

அம்மா கடைக்குப் போய் வெயிலில் திரும்பி வந்தாள். முகம் கழுவப் போனவளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"என்னடி இது, ஆபரேஷனா?"

கையுறையை மாட்டிக்கொண்டு அவள் நெற்றியில் பஞ்சை ஒற்றினேன்.