அளந்தால் மாறிவிடும் என்றவனுக்கு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை பூந்தமல்லியில் ஈசிஜி எடுக்கப் படுத்தவன், நர்ஸம்மா நெஞ்சில் ஜில்லென்று பசையைத் தடவியதும் கூச்சம் தாங்காமல் கெக்கேபிக்கே என்று சிரித்துவிட்டேன். "வயசான ஆளு, ஆடாம படுங்க" என்று ஓர் அதட்டல். அந்தக் குளிர்ச்சியில்தான் உன் நினைவு வந்தது, வாத்தியாரே. வந்ததும் சிரிப்பு போய்விட்டது. கோபம்தான் மிச்சம்.

தினமும் காட்டுப்பாக்கத்தில் உன்னை ஏற்றி உன் ஆராய்ச்சிக்கூட வாசலில் இறக்கியது என் ஆட்டோதான். ஆறாவதோடு நின்ற எனக்கு நீ கரண்டைப் பற்றிச் சொன்னாய். சென்னீர்குப்பத்தில் வண்டிகள் நெரித்துக்கொண்டு நின்ற ஒரு நாள், நெல்லைப் பேச்சு மாறாமல் ஆரம்பித்தாய்: "ஒயருக்குள்ளயும் இதே கூட்டந்தான் வே. எவ்வளவு போகுதுன்னு மீட்டர் சொல்லிரும். ஒவ்வொரு எலக்ட்ரானும் எந்த நெலையில போகுதுங்கிறதுதான் எனக்கு வேணும்."

"ஒண்ணப் புட்ச்சி நிறுத்திக் கேளேன்."

"பிடிச்சா நெலை மாறிரும்."

அதனால் நிலை தெரிந்த ஒன்றை எதிரே அனுப்புவாயாம். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் இரண்டும் சந்தித்துப் போகும்போது கரண்டில் வரும் சலசலப்பை வைத்து, தெரியாததன் சாயலைப் பிடிப்பாயாம். ஒரு தடவையில் பிடிபடாதாம். அதே மாதிரி எலக்ட்ரானைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டுமாம்.

"பொண்ணு குடுக்கறதுக்கு முன்னாடி மாப்புள்ளையப் பத்தி டீக்கடையில விசாரிக்கிற மாதிரி கீதே" என்றேன். சீட்டு குலுங்கச் சிரித்தாய்.

அப்புறம்தான் ஆராய்ச்சிக்கூடத்துப் படியில் உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாய். "இன்னா வாத்தியாரே, சைலன்சர் பொகையுது? வா, ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றேன். "இந்த ரீடிங் முடியட்டும்" என்றாய். அடுத்த வாரமும் அதே பதில். கையைப் பிடித்து இழுத்த அன்று, "சும்மா இரும் வே. அளக்கப் போனாத்தான் நெலை மாறும்" என்று கண்ணடித்தாய்.

படித்தவன் பேசுகிற பேச்சா அது? ஓர் எலக்ட்ரான் கெட்டால் அதே மாதிரி இன்னொன்றை அனுப்புவாய். உன்னை மாதிரி இன்னொருத்தனை எங்கே செய்து வைத்திருந்தாய்? கண்ணுக்கே தெரியாத ஒன்றை வருஷக்கணக்காக விசாரித்த மனுஷன், உன் நெஞ்சை ஒரே ஒரு தடவை விசாரித்தாயா? மேசையிலேயே சாய்ந்துவிட்டாய் என்று வாட்ச்மேன் போன் பண்ணினார். மாலையோடு உன் வீட்டுக்கு வந்தவன், ஐஸ் பெட்டிக்குள் கிடந்த உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பக்கத்தில் நின்ற உன் வீட்டம்மா, "இன்னும் நல்லாத் திட்டுங்கண்ணே" என்றார்.

இதையும் கேள். கொஞ்ச நாளாக வண்டியைத் தள்ளும்போது எனக்கு இடது தோள் இழுக்கிறது. "டாக்டராண்ட போய்யா" என்று என் வீட்டுக்காரி கத்தும்போதெல்லாம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாக்கப் போனாத்தான் மாறும்." உன் வசனம்! செத்த பிறகும் என் வாயில் வந்து உட்கார்ந்திருக்கிறாய். நேற்று அவள் சோற்றைப் போட்டுவிட்டு, "அந்தாளு போன ரூட்லயே நீயும் போறியா?" என்று அழுதாள்.

அதனால்தான் இன்று போனேன். தைரியத்தில் இல்லை, உன்மேல் இருக்கிற ஆத்திரத்தில். அது இனி என்னோடுதான் இருக்கும்.

நர்ஸம்மா கை, கால், நெஞ்சு எல்லா இடத்திலும் ஒயரை மாட்டினார். மூச்சைக்கூட அளந்து விட்டேன். பொத்தானை அழுத்தினார். கரண்ட் போய்விட்டது. மெஷின் பேட்டரியிலும் சார்ஜ் இல்லையாம். நான் எழுந்து போகவில்லை. ஒயர்களோடு அப்படியே படுத்திருந்தேன்.