எட்டு நாள் நிறுத்திய மாத்திரை

கோச்சடை, மதுரை
பங்குனி 27, 1984

அன்பு மகள் சோணையம்மாளுக்கு அப்பா பேச்சிமுத்து எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மா முனியாயியும் சுகம், உன் தங்கை ஒச்சம்மாள் பிழைத்து எழுந்து இப்போது கஞ்சி குடிக்கிறாள், அந்தக் குளிர் நாட்டில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. உன் சித்தப்பன் சின்னான் உனக்குப் போட்ட கடிதத்தில் பாதிதான் உண்மை. அதை நம்பி நீ படிப்பை விட்டுவிட்டுச் சித்திரையில் ஊருக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வராதே தாயி. ஏன் என்று இந்த நீலக் கடுதாசியில் இடம் இருக்கும்வரை எழுதுகிறேன்.

ஒச்சம்மாளுக்கு இரண்டு வருஷமாக வலிப்பு வரவில்லை, உனக்கே தெரியும். இந்தப் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி எடுக்கிறேன் என்று ஆசைப்பட்டாள், சரி என்றேன். காப்புக் கட்டின வீட்டில் எட்டு நாளைக்கு மருந்து மாத்திரை ஆகாது என்பது நம் ஊர்க் கட்டு. ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார், நீயும் இரண்டு கடிதத்தில் எழுதியிருந்தாய். இரண்டு வருஷம் வராதது எட்டு நாளிலா வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். குற்றம் என்னுடையது, சாமி மேலும் போட மாட்டேன், உன் அம்மா மேலும் போட மாட்டேன். நாலாம் நாள் காலையில் ஒச்சம்மாள் வாசலில் விழுந்தாள், ஒன்று அடங்குமுன் அடுத்தது வந்தது, நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம். காப்புக் கட்டினால் எல்லை தாண்டி ராத் தங்கக் கூடாதாம், நான் கேட்டுக்கொண்டா நின்றேன், டிராக்டரில் தூக்கிப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மூன்று நாள் கண் திறக்கவில்லை. அந்த மூன்று நாளும் நான் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, இதைப் பெருமைக்கு எழுதவில்லை, பயத்தில் அந்த நினைப்பே வரவில்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து உன் பழைய கடிதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூளையில் அஞ்சு செல்லில் ஒன்று மற்றதைப் பார்த்து நில் என்று சொல்கிற செல் என்று எழுதியிருந்தாய். அது நிறுத்துவதால்தான் விரலை நீட்ட நினைத்தால் விரல் மட்டும் நீளுகிறது, சந்தை இரைச்சலில் பெற்றவள் குரல் தனியாகக் காதில் விழுகிறது, அது தளர்ந்தால் எல்லாச் செல்லும் ஒன்றாகக் கிளம்பி வலிப்பு வருகிறது என்று எழுதியிருந்தாய். இருபத்தாறு வருஷம் கண்மாய்த் தண்ணீர் பாய்ச்சியவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். திறந்துவிட ஆள் எதற்கு, பள்ளத்தைப் பார்த்தால் தண்ணீர் தானே ஓடும். எந்த வயலின் வாய்மடையை எப்போது அடைப்பது என்பதற்குத்தான் ஆள் வேண்டும், மேட்டு வயலை அடைத்தால்தான் கடை வயல் நனையும், எல்லாவற்றையும் திறந்து விட்டால் வெள்ளம்தான், விவசாயம் கிடையாது. அடைத்ததற்காக நான் வாங்கிய வசவு கொஞ்சமா? அந்தச் செல்களும் நம்ம சாதிதான் என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூட்டம் போட்டார்கள். பிள்ளை மேல் சாமி இறங்கியிருக்கிறது, இம்புட்டு நாளும் மாத்திரையைக் கொடுத்து நீதான் அமுக்கி வச்சிருந்த, இனிமே நிப்பாட்டிரு, கோயிலில் உட்கார வை, குறி சொல்லட்டும், மூத்தவ மூளையைத் தோண்டிப் படிக்கப் போனதால வந்த குத்தம் இது, அவளையும் வரச் சொல்லு என்றார்கள். உன் சித்தப்பனும் அவர்கள் பக்கம்தான் உட்கார்ந்திருந்தான், உன்னை வரச் சொல்லிக் கடிதம் போட்டதும் அதனால்தான். நான் எழுந்து, நான் கும்பிடுற சாமி எம்புள்ளய நாக்கக் கடிக்க வைக்காது, மாத்திரை நிக்காது, மூத்தவ வர மாட்டா, ஆனதப் பாத்துக்கங்க என்றேன். அப்படியானால் கண்மாய் வேலை உனக்கு இல்லை என்றார்கள். மம்பட்டி என்னுது, எடுத்துட்டுப் போறேன் என்று எடுத்து வந்துவிட்டேன். ஒச்சம்மாளை வாராவாரம் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருப்பதால் உன் மாமன் வீட்டுக்குப் பக்கத்தில் கோச்சடையில் ஓர் ஓட்டு வீடு பார்த்தாயிற்று. தென்னந்தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சக் கூப்பிட்டிருக்கிறார்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நீ அதை நினைத்து ஏங்காதே.

இப்போது நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. மாத்திரை வலிப்பை நிறுத்துகிறது, கூடவே பிள்ளையையும் நிறுத்துகிறது. பகலெல்லாம் தூங்கி வழிகிறாள், கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகிறது, பத்தாம் வகுப்பு இரண்டு தடவை தவறியது அதனால்தான், மக்கு என்று வாத்தியார் சொன்னதை நானும் நம்பினேன். வேறு மருந்து இல்லையா என்று டாக்டரம்மாவிடம் சண்டை போட்டேன். அந்தச் செல்கள் எதை நிறுத்துகின்றன, எதை விடுகின்றன என்று இன்னும் சரியாகத் தெரியாதே ஐயா, தெரிந்தால் அல்லவா அதற்கு மட்டும் மருந்து கொடுக்கலாம் என்றார். தெரிந்துகொள்ள என் மகள் ஒருத்தி போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொன்னபிறகு நீ மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றால் நான் அந்த அம்மா முகத்தில் எப்படி முழிப்பது.

அதனால் உன் வாத்தியாரிடம் போய், வருவதாகச் சொன்னது தப்பு, இருக்கிறேன் என்று சொல். தலைக்கு எண்ணெய் வை, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, அம்மா கொடுத்துவிட்ட நாரத்தங்காய் ஊறுகாயை மற்றவர்களுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே. சின்னான் மறுபடி எழுதினால் பதில் போட வேண்டாம், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். எந்த ஊரில் எந்த வேளையில் நின்றாலும் நாம் கும்பிடுகிற தெய்வம் உன் பக்கம் நிற்கட்டும். உனக்கு என்ன எழுத வேண்டும் என்று ஒச்சம்மாளிடம் கேட்டேன், வெகுநேரம் யோசித்தாள், பிறகு, அக்காவப் பாக்கணும் போலத்தான் இருக்கு, ஆனா இப்ப வந்தா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன்னு எழுதுங்கப்பா என்றாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
சோ. பேச்சிமுத்து