காலால் பிறந்தவன் மகளுக்கு இடுப்பு வலி

பிப்ரவரி 8

இன்று காலை மானம் போனது. பச்சியப்பன் மாமா இடுப்புப் பிடிப்பென்று வந்து குப்புறப் படுத்தார். நான் பிறக்கும்போது கால்தான் முதலில் வந்ததாம். அப்படிப் பிறந்தவன் மூன்று தரம் முதுகில் மிதித்தால் பிடிப்பு விடும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. காலைத் தூக்கினேன். அவர் பிடிப்பு விடுமுன் எனக்கு வாயு விட்டுவிட்டது. பலமாக.

"பிடிப்பு எனக்கா, ஒனக்கா மாது?" என்றார்.

பிளஸ் டூ படிக்கிற என் மகள் அம்பிகா உள்ளே விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்தவள் அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

பிப்ரவரி 10

அம்பிகா முதுகிலும் மூன்று மிதி. பதமாகத்தான். "ஆயிருச்சுப்பா" என்றாள். ஊருக்கே பலிக்கிற கால், சொந்தப் பெண்ணுக்குப் பலிக்காதா?

பிப்ரவரி 13

பலிக்கவில்லை. எல்லாம் அந்த ஸ்கூல் பை. புளி நிறுக்கிற தராசில் வைத்தேன் — ஒன்பது கிலோ! கழுதைக்கா பாடம் சொல்லித் தர்றாங்க? பள்ளிக்கூடத்துக்கே போய்க் கத்தினேன்.

"பத்து நாளா டெஸ்ட்டுதானுங்க நடக்குது. பேனா மட்டும்தான் கொண்டு வர்றா" என்றார் மணிமேகலை டீச்சர்.

பேனா எத்தனை கிலோ என்று கேட்காமல் திரும்பினேன்.

பிப்ரவரி 15

மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கினேன். இப்போது சோறு இறங்கவில்லை, வயிறு கல்லு மாதிரி இருக்கிறது என்கிறாள். இடுப்புக்கு வாங்கினா வயித்துல போயா நிக்கும்? என்னத்த விக்கிறானுங்க!

என் மனைவி கோவிந்தம்மாள் பிடித்துக்கொண்டாள்: "மார்ச் மூணாந்தேதி பரீட்சை. மூணு மணி நேரம் பெஞ்சுல எப்படி ஒக்காருவா? ஊரு முதுகெல்லாம் மிதிச்சீங்களே, பரீட்சையும் நீங்களே எழுதிடுங்க."

பிப்ரவரி 18

பென்னாகரத்தில் ஒரு டாக்டரம்மா. நான் இடுப்பைக் காட்டுகிறேன், அவர் வயிற்றை அமுக்குகிறார். "வலி பின்னாடிங்க" என்று கொஞ்சம் சூடாகவே சொன்னேன். அவர் கண்டுகொள்ளவில்லை.

"கடைசியா எப்பம்மா வெளிய போனே?"

அம்பிகா தரையைப் பார்த்தாள். "அஞ்சு நாளாச்சுங்க. அதுக்கு முன்னாடியும் வாரம் ஒருக்காதான்."

எலும்பில் ஒன்றுமில்லையாம். மலம் தேங்கிக் குடல் உப்பினால் வலி இடுப்பு வரைக்கும் வருமாம். நான் கொடுத்த மாத்திரை வயிற்றை இன்னும் கெடுத்திருக்கிறது.

"ஏம்மா அடக்குறே?"

"ஏரிக்கரையில லைட்டு போட்டுட்டாங்க மேடம். விடியறதுக்குள்ளயே ஆம்பளைங்க வாக்கிங் வர்றாங்க. தண்ணி குடிச்சா போகணும்னு தண்ணியும் குடிக்கிறதில்ல."

எனக்கு ரத்தம் கொதித்தது. பொட்டப்புள்ளைங்க ஒதுங்கற எடத்துல எவன்டா லைட்டு போட்டது? நாளைக்கே பஞ்சாயத்து ஆபீசில் இருக்கு கச்சேரி —

"வூட்டுல கக்கூஸ் இல்லீங்களா?"

"இருக்குதுங்க" என்றேன்.

அதே நாள், வீட்டில்

இருக்கிறது. கட்டி நாலு வருஷம். ஒரு நாளும் யாரும் போனதில்லை. மேலே பலகை போட்டுப் புளி மூட்டை அடுக்கியிருக்கிறேன், விலை ஏறட்டும் என்று. ஈரம் படாத எடம்னு ஊரெல்லாம் பெருமை வேற. பஞ்சாயத்து ஆபீஸ் எதுக்கு? திட்டறதுக்கு வூட்டுலயே ஒருத்தன் இருக்கான்.

கோவிந்தம்மாள் துடைப்பத்தை எடுத்துவந்து கக்கூஸ் கதவில் சாத்தினாள். நாலு வருஷம் சொல்லி ஓய்ந்தவள்.

பிப்ரவரி 19

பதினோரு மூட்டையும் கக்கூஸை விட்டுக் கூடத்துக்கு. வீட்டில் படுக்கத்தான் இடமில்லை. தூக்கினதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. மிதிக்க ஆளில்லை. வேண்டவும் வேண்டாம்.

பிப்ரவரி 24

இன்று அம்பிகா இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

மார்ச் 3

தமிழ்ப் பரீட்சை. மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதினாளாம். வலியே இல்லையாம்.

சாயங்காலம் பச்சியப்பன் மாமா மறுபடி வந்து குப்புறப் படுத்தார். அம்பிகா ஒரு சொம்புத் தண்ணீரை அவர் தலைமாட்டில் வைத்தாள். "மொதல்ல இதைக் குடிங்க தாத்தா. கடைசியா எப்ப போனீங்க?"

எல்லோரும் சிரித்தோம். நானும்.

அன்றைக்கு நான் மிதித்தபோது அவள் பாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுத்தான் மூன்றாவது தரமும் மிதித்தேன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.